முதலுதவிப் பெட்டிக்கு முன்னால் ஒரு நோட்டு வேண்டும்

கேள்வி: நான் ஒரு சுகாதார நிலையத்தில் சமூக செவிலியர். வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சமீபத்தில்தான் களப்பணிக்கு வந்தேன். போன வெள்ளத்தின்போது நிவாரண முகாமில் நின்றேன். பிபி பார்த்தேன், காயத்துக்குக் கட்டுப் போட்டேன், மற்றபடி மருத்துவர் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பேரிடர் தயார்நிலைக் கூட்டங்கள் நடக்கின்றன. காவல், தீயணைப்பு, மீட்புப் படை எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு மட்டும் 'முதலுதவிப் பெட்டியோடு தயாராக இருங்கள்' என்கிறார்கள். பேரிடரில் செவிலியரின் வேலை உண்மையில் என்ன? எனக்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. வீட்டில் சின்னக் குழந்தை வேறு. அழைப்பு வந்தால் போக முடியுமா என்றே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

கூட்டத்தில் உங்களுக்குக் கொடுத்த வேலை தப்பில்லை, ஆனால் மிகச் சிறியது. பேரிடர் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இடிபாடு, ரத்தம், ஸ்ட்ரெச்சர். அதனால் செவிலியர் என்றால் கட்டுப் போடுகிறவர் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் மனித உயிர்கள் போவது அந்த முதல் நாளில் மட்டும் இல்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல், கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. ஏறக்குறைய ஒரு வருடம் வரை அரசு சொன்ன இறப்பு எண்ணிக்கை 64. பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வு, புயலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்கிட்டது. 2018 ஆகஸ்டில் அரசு அதை ஏற்று எண்ணிக்கையை 2,975 ஆக மாற்றியது. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, டயாலிசிஸுக்கோ மருத்துவமனைக்கோ போக வழியில்லை. புயல் ஓய்ந்த பிறகு போன உயிர்கள்தான் அதிகம்.

ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தபோதும் இதே கதைதான். இடிபாட்டில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். அதன் பின்விளைவுகளால் இறந்தவர்கள் 200-க்கும் மேல். பெரும்பாலும் முதியவர்கள். முகாம் வாழ்க்கையின் களைப்பு, காருக்குள் சுருண்டு படுத்ததால் காலில் உறைந்த ரத்தம், தடைபட்ட சிகிச்சை. இந்த மரணங்களில் கணிசமானவற்றைத் தடுத்திருக்க முடியும். தடுக்கக்கூடிய இடத்தில் நிற்பவர் தீயணைப்பு வீரர் இல்லை, நீங்கள்.

பேரிடரில் சமூக செவிலியரின் முதல் வேலை, தன் பகுதியில் யார் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது. மீட்புப் படைக்குத் தெரு தெரியும். ஆனால் அந்தத் தெருவில் மூன்றாவது வீட்டு மாடியில் ஆக்சிஜன் மெஷினோடு ஒரு பெரியவர் இருக்கிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் காகிதப் பிரதி கண்டிப்பாக வேண்டும். கரண்ட் போனால் முதலில் சாவது போன் சார்ஜ்தான். அந்த நோட்டில் யார் யார்? வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர்கள்தான் முதல் பக்கம். இரண்டு தவணை தவறினாலே உடம்பில் பொட்டாசியமும் நீரும் ஏறி ஆபத்தான கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய மையம் மூழ்கிவிட்டால் அடுத்த மையம் எது, தண்ணீரையும் பொட்டாசியம் அதிகமுள்ள உணவையும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர்களுடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்புறம் இன்சுலின் போடுகிறவர்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்கு மாத்திரை திடீரென்று நின்றால் முகாமிலேயே வலிப்பு வரும். காசநோய், எச்ஐவி, மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள். பிரசவத்துக்கு ஒரு மாதமே இருக்கும் பெண்கள். படுத்த படுக்கையில் இருப்பவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள், பச்சைக் குழந்தை உள்ள வீடுகள். காது கேளாதவர்களை மறந்துவிடாதீர்கள். ஒலிபெருக்கியில் எத்தனை முறை எச்சரித்தாலும் அவர்களுக்குப் போய்ச் சேராது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: இவரை வெளியே கொண்டுவர என்ன தேவை, யார் கொண்டுவருவார். இரண்டாவதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் பெயரும் எண்ணும் வேண்டும், அவரிடம் நேரில் பேசிச் சம்மதமும் வாங்கியிருக்க வேண்டும். வங்கதேசப் பகுதியில் 1970-ல் வந்த புயல் மூன்று லட்சம் பேருக்கு மேல் பலிகொண்டது. 2007-ல் அங்கேயே சித்ர் என்ற கடும் புயல் வந்தபோது இறந்தவர்கள் ஏறக்குறைய 3,400. இடைப்பட்ட காலத்தில் முன்னறிவிப்பு மேம்பட்டது, புயல் காப்பிடங்கள் கட்டப்பட்டன, கூடவே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் தன்னார்வலர்கள் உருவானார்கள். வானொலியில் எச்சரிக்கை கேட்டும் கிளம்பாதவர், தெரிந்த முகம் வாசலில் வந்து நின்றால் கிளம்புவார்.

ஒரு எச்சரிக்கை. இது நோயாளிகளின் அந்தரங்கம். எச்ஐவி, மனநோய் போன்றவற்றை வெளிப்படையாக எழுதாமல் உங்களுக்கும் உங்கள் பொறுப்பு மருத்துவருக்கும் மட்டும் புரியும் குறியீடு வையுங்கள். மீட்புக் குழுவிடம் கொடுக்கும் பிரதியில் 'தூக்கிவர இருவர் தேவை', 'ஆக்சிஜன்' என்ற அளவு போதும். நோய் பெயர் வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டைச் சரிபாருங்கள். ஆள் மாறுவார், வீடு மாறும், குழந்தை பிறக்கும். பழைய பட்டியலை நம்பி ஒரு படகு காலி வீட்டுக்குப் போனால் இன்னொரு வீடு அந்தப் படகை இழக்கும்.

வீடுகளுக்குப் போகும்போது இன்னொன்றும் செய்யலாம். நான் போன முகாம்களிலெல்லாம் பார்த்த காட்சி இது: ஒரு பாட்டி ஈரமான பிளாஸ்டிக் பையை நீட்டுவார். உள்ளே கரைந்துபோன மாத்திரைகள், மை அழிந்த சீட்டு. என்ன மாத்திரை என்று கேட்டால், "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி பாதி மஞ்சள்" என்பார். அந்தப் பாதி மஞ்சள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையா, தூக்க மாத்திரையா? தப்பாக ஊகித்தால் உயிர் போகும். அதனால் ஒவ்வொருவரிடமும் மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை நான்கையும் எழுதிய ஒரு அட்டையை நீர்புகாத உறையில் போட்டுக் கொடுங்கள். கூடவே ஒரு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பழக்குங்கள். இன்சுலின் பற்றி நிறைய பேருக்குப் பயம். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் எல்லாம் வீணாகிவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் சுமார் 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஐஸ்கட்டி மேல் நேராக வைத்து உறைந்துபோன இன்சுலினைத்தான் போடக்கூடாது.

சரி, சம்பவ இடத்துக்கு வருவோம். காயம்பட்டவர்கள் நிறைய, கைகள் குறைவு என்ற நிலையில் நீங்கள் முதல் ஆளாக இருந்தால், ஒருவரிடமே உட்கார்ந்துவிடாதீர்கள். வார்டு பழக்கம் நம்மை அப்படித்தான் இழுக்கும். கத்துகிறவரிடம் முதலில் ஓடுவோம், மூச்சுத் திணறுகிறவர் சத்தமில்லாமல் கிடப்பார். வகைப்படுத்தல், அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று வண்ண அட்டை கட்டிப் பிரிப்பது, ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. முதலில் "நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள். வந்தவர்களுக்குப் பச்சை, அதாவது காத்திருக்கலாம். மிச்சம் இருப்பவர்களிடம் வரிசையாகப் போங்கள். மூச்சு இல்லையா, தலையைச் சாய்த்து மூச்சுப்பாதையைத் திறங்கள். அப்போதும் இல்லையென்றால் கறுப்பு, அதாவது காப்பாற்ற வழியில்லை. திறந்ததும் மூச்சு வந்தால் சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லையென்றால் சிவப்பு. "என் கையைப் பிடியுங்கள்" என்றால் பிடிக்கவில்லையா, அதுவும் சிவப்பு. இதிலெல்லாம் தேறியவர், ஆனால் நடக்க முடியாதவர், மஞ்சள், அதாவது சிவப்புக்கு அடுத்தவர். இடையில் செய்யக்கூடிய சிகிச்சை இரண்டே இரண்டு: மூச்சுப்பாதையைத் திறப்பது, பெருக்கெடுக்கும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது. சிறு குழந்தைக்கு மட்டும் ஒரு மாற்றம் உண்டு. மூச்சில்லை, ஆனால் நாடி இருக்கிறது என்றால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்த்த பிறகே கறுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். வண்ணம் நிரந்தரமில்லை, ஒரு சுற்று முடிந்ததும் திரும்பவும் ஒரு சுற்று போங்கள்.

கறுப்பு அட்டை கட்டும் கை நடுங்கும். அதுவரை ஒவ்வொரு உயிருக்கும் கடைசி வரை போராடப் பழகிய கை அது. அந்த நேரத்தில் உங்கள் முன்னால் இருப்பது ஒருவர் இல்லை, அங்கே கிடக்கும் அத்தனை பேரும். இதை ஒத்திகையில் ஒரு முறையாவது செய்து பார்த்திருந்தால்தான் நிஜத்தில் கை நகரும்.

இடிபாட்டில் நெடுநேரம் கால் நசுங்கிக் கிடந்தவரை அவசரமாக இழுத்துவிடாதீர்கள் என்று மீட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். பாரம் விலகியதும் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடும். முடிந்தால் விடுவிப்பதற்கு முன்பே நார்மல் சலைன் (உப்புநீர் டிரிப்) ஓடத் தொடங்க வேண்டும். ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது.

முகாம்தான் உங்கள் முழுமையான களம். போன முறை நீங்கள் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை உள்ளே போனதும் முதலில் தண்ணீர்த் தொட்டியிடம் போங்கள். குளோரின் போட்டு அரை மணி நேரம் ஆன பிறகு, குழாயில் பிடித்த தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். சோதனைக் குழாயில் துளி விட்டு வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நிறமே வரவில்லையென்றால் அந்தத் தண்ணீரை யாருக்கும் கொடுக்க விடாதீர்கள். சர்வதேச மனிதாபிமானத் தரங்களின்படி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். முதல் சில நாள் 50 பேருக்கு ஒன்று என்று சமாளிக்கலாம், அதற்கு மேல் விடக்கூடாது. இந்த எண்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பேசினால் நிர்வாகிகள் காது கொடுப்பார்கள். "கழிப்பறை பத்தலை சார்" என்பதற்கும் "400 பேருக்கு 20 இருக்க வேண்டும், 4 தான் இருக்கிறது" என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு.

கழிப்பறையை இரவில் போய்ப் பாருங்கள். விளக்கு இல்லை, தாழ்ப்பாள் இல்லை என்றால் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாளில் சிறுநீர் எரிச்சல், காய்ச்சல் என்று உங்களிடம் வந்து நிற்பார்கள். மாத்திரை கொடுப்பதைவிட ஒரு பல்பும் ஒரு தாழ்ப்பாளும் கேட்டு வாங்குவதுதான் அங்கே நல்ல சிகிச்சை. மாதவிடாய்த் துணி, அதைப் போடும் இடம் எல்லாம் நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

தினமும் மாலை கணக்கு எழுதுங்கள். வயிற்றுப்போக்கு எத்தனை, காய்ச்சல் எத்தனை, தடிப்போடு காய்ச்சல் எத்தனை, எந்தப் பகுதியில். ஒரே அறையில் ஒரே நாளில் மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் அன்றைக்கே மேலே சொல்ல வேண்டும். தட்டம்மை சந்தேகம் ஒன்றே ஒன்று வந்தாலும் அது அபாயச் சங்கு. நெரிசலில் அது தீயாகப் பரவும். அதனால்தான் முகாம்களில் 6 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லோருக்கும் தட்டம்மைத் தடுப்பூசியும், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் முன்னுரிமை. 9 மாதத்துக்கு முன்பு போட்டுக்கொண்ட குழந்தைக்கு, 9 மாதம் ஆனதும் திரும்பவும் போட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் அளவைத் தாய்மாரைக் கொண்டே ஒரு முறை செய்ய வைத்துப் பாருங்கள். குழந்தைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 10 முதல் 14 நாள் முழுதாகப் போக வேண்டும்.

நிவாரணப் பொருள்களோடு பால்பவுடர் டப்பாக்கள் வந்து குவியும். கொடுப்பவர்களின் மனசு நல்லதுதான். ஆனால் அழுக்குத் தண்ணீரும் கழுவாத பாட்டிலும் உள்ள இடத்தில் அந்த டப்பா குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். "அதிர்ச்சியில் பால் வத்திப்போச்சு" என்று தாய் அழுவாள். பால் வற்றவில்லை, பதற்றத்தில் இறங்கத் தயங்குகிறது, அவ்வளவுதான். மறைவான ஒரு மூலை, குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி. குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் இறங்கிவிடும். தாயை இழந்த குழந்தைக்கும் உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்கும் மட்டும் உங்கள் மேற்பார்வையில் பவுடர் போகட்டும். பொதுவாக விநியோகிப்பதை எதிர்த்து நில்லுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக. ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குள்ளோ ஜன்னலோரமோ ஓட விடாதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ இறந்தவர்களின் உடலால் தொற்றுநோய் பரவும் என்ற பீதியில், அடையாளம் காணும் முன்பே அவசர அவசரமாகப் புதைக்கச் சொல்வார்கள். காலரா, எபோலா போன்ற நோயால் இறந்தவர் விஷயம் வேறு. மற்றபடி அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. ஒரு குடும்பம் தன் ஆளின் முகத்தைப் பார்த்து அனுப்பிவைக்கும் உரிமையைப் பறித்துவிடக்கூடாது.

மனசுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சொல்லில் அடங்கும்: பாருங்கள், கேளுங்கள், இணையுங்கள். யார் தனியாக உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பேச விரும்பினால் கேளுங்கள். தேவையானதோடு, அதாவது காணாமல் போன உறவினரைத் தேடித் தருபவரோடு, போர்வையோடு, தொலைபேசியோடு இணைத்துவிடுங்கள். "என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க" என்று தோண்டாதீர்கள். அது நல்லது செய்யாது, சிலருக்குக் கெடுதலே செய்யும். "எல்லாம் நல்லதுக்குத்தான்", "நீங்களாவது பிழைச்சீங்களே" என்பதும் வேண்டாம்.

மீள்வது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கூட்டங்களிலும் இருக்காது என்று நினைக்கிறேன். முகாம் கலைந்து, கேமராக்கள் போய், எல்லோரும் வீட்டைக் கழுவத் தொடங்கும்போது உங்கள் அந்த நோட்டை மறுபடி எடுங்கள். அதே பெயர்கள், அதே வீடுகள். மாத்திரை திரும்பக் கிடைத்ததா? காசநோய் மருந்து எத்தனை நாள் விட்டுப்போனது? சேற்றில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் என்றால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். காயம்பட்டவருக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? 1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிகக் குடியிருப்புகளில் முதியவர்கள் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்து கிடந்தார்கள். பழைய அக்கம்பக்கம் சிதறிப்போனதுதான் காரணம். அதற்கப்புறம் செவிலியர்கள் அந்தக் கதவுகளைத் தட்டிப் போய்ப் பேசுவதே பேரிடர்ப் பணியின் ஒரு பகுதி ஆனது. வீட்டுக்குப் போனால் யார் சரியாகத் தூங்கவில்லை, யாருக்குக் குடி அதிகமாகிவிட்டது, எந்தப் பெண்ணின் கையில் புதிதாகக் காயம் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். சில வாரங்களில் பெரும்பாலோர் தானாகத் தேறிவிடுவார்கள். தேறாதவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நிகழ்வின் ஆண்டு நிறைவு நாளையும் நோட்டில் குறித்து வையுங்கள். அந்த வாரம் சிலர் மறுபடி தடுமாறுவார்கள்.

பயிற்சி இல்லை என்றீர்கள். சர்வதேச செவிலியர் பேரவை 2009-ல் வெளியிட்டு 2019-ல் திருத்திய பேரிடர்த் திறன் வரையறையில் முதல் நிலையே, அடிப்படைப் படிப்பு முடித்த எல்லா செவிலியருக்கும் உரியதுதான். ஆகவே, நீங்கள் தகுதி இல்லாதவர் இல்லை. வகைப்படுத்தல் ஒத்திகை, குளோரின் சோதனை, உளவியல் முதலுதவி இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பயிலுங்கள்.

குழந்தை விஷயம். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டு ஏற்பாடு இல்லாத செவிலியரால் வேலைக்கு வர முடியாது, வந்தாலும் மனசு அங்கே இருக்காது. குழந்தையை யார் பார்ப்பார், அவரும் வர முடியாவிட்டால் அடுத்து யார், உங்கள் எண் கிடைக்காவிட்டால் எந்த வெளியூர் உறவினருக்குத் தகவல் சொல்வது. இதை இப்போதே வீட்டில் பேசி முடியுங்கள். மூன்று நாள் உடை, தண்ணீர், உங்கள் சொந்த மருந்துகள், டார்ச், அடையாள அட்டை ஒரு பையில் தயாராக இருக்கட்டும். இதையெல்லாம் செய்தும் உங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்கு நீங்களும் பாதிக்கப்பட்டவர்தான். அதைப் பொறுப்பாளரிடம் வெட்கப்படாமல் சொல்லலாம். முகாமில் 12 மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். மாற்று ஆள் வந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் படுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கையில் நோட்டின் முதல் சில பக்கங்களாவது இருக்கட்டும். வண்டி எத்தனை, படகு எத்தனை என்று அவர்கள் சொல்லி முடித்ததும், "என் பகுதியில் தூக்கித்தான் கொண்டுவர வேண்டியவர்கள் இத்தனை பேர், மின்சாரத்தை நம்பி மூச்சு விடுகிறவர்கள் இத்தனை பேர், இவர்களுக்கு எந்த வண்டி?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுதப்படும் வரை கூட்டத்தை முடிக்க விடாதீர்கள்.